3,500 பவுண்டு இழுக்கும் காரில் டிரெய்லரைக் கட்டிக்கொண்டு கொலராடோ மலைக்குப் போகலாமா?

கேள்வி சுருக்கமாக இது. டல்லாஸில் வசிக்கும் குடும்பம், பெரியவர்கள் இருவர், பிள்ளைகள் இருவர். 3,500 பவுண்டு இழுக்கக்கூடிய எஸ்யூவி கையில் இருக்கிறது. 2,900 பவுண்டு டிரை வெயிட் உள்ள 17 அடி டிரெய்லரைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். ஆகஸ்ட் கடைசியில் ராக்கி மவுன்டன் தேசியப் பூங்காவில் நான்கு நாள், பிறகு ஐ-70 நெடுஞ்சாலை வழியாக லெட்வில் ஊருக்குப் பக்கத்தில் டர்க்வாய்ஸ் ஏரியில் மூன்று நாள். "எங்கள் வண்டி மலை ஏறுமா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

ஏறும். லாரிகளோடு சேர்ந்து வலது ஓர லேனில் மெதுவாக ஏறும், அதில் ஒரு குறையும் இல்லை. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு இரண்டு. இறங்கும்போது வண்டி உங்கள் கட்டுப்பாட்டில் இருக்குமா? இரவு இரண்டு மணிக்கு டிரெய்லரைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஓடிக்கொண்டிருக்குமா? இப்போது பார்த்து வைத்திருக்கும் டிரெய்லரை வைத்துச் சொன்னால், முதல் கேள்விக்குப் பதில் சந்தேகம். இரண்டாவதற்கு, பேட்டரியை மாற்றாமல் போனால், ஓடாது.

எடைக் கணக்கிலிருந்து ஆரம்பிப்போம், மற்ற தவறுகள் எல்லாம் அங்கிருந்துதான் கிளைவிடுகின்றன. டிரை வெயிட் என்பது தொழிற்சாலையை விட்டு வரும் வெறுங்கூட்டின் எடை. பெரும்பாலும் பேட்டரி அதில் சேராது. காஸும் தண்ணீரும் சேரவே சேராது. 2,900இல் தொடங்குங்கள். பேட்டரி 60 பவுண்டு. 20 பவுண்டு புரொப்பேன் சிலிண்டர் நிரம்பியிருந்தால் இரும்போடு சேர்த்துச் சுமார் 37. ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு, ஆகவே 20 கேலன் டேங்கில் 167. வாட்டர் ஹீட்டருக்குள் நிற்கும் 6 கேலன் இன்னொரு 50. நால்வருக்கான போர்வை, பாத்திரம், மடக்கு நாற்காலி, மளிகை எல்லாம் சேர்ந்து 350க்குக் குறையாது. கூட்டிப் பார்த்தால் 3,564. தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு ஓட்டினாலும் 3,350 பக்கம்தான் நிற்கும்.

இதோடு முடியவில்லை. டிரெய்லரின் மூக்கு, அதைக் காரின் பின்னால் மாட்டும் ஹிட்ச் பந்தின் மேல் அழுத்தும் எடையை டங் வெயிட் என்கிறோம். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் அங்கே இருந்தால்தான் டிரெய்லர் நேராக வரும். 3,350க்கு 12 சதவீதம் என்றால் 400 பவுண்டு. ஆனால் 3,500 பவுண்டு இழுக்கும் எஸ்யூவிகள் பலவற்றில் டங் வெயிட் வரம்பு 350தான். விற்பனையாளர் இதை வாயால் சொல்ல மாட்டார், ஹிட்ச் ரிசீவரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்லும். வரம்புக்குள் கொண்டுவர வேண்டும் என்று சாமான்களைப் பின்பக்கம் தள்ளினால் டங் வெயிட் 9, 8 சதவீதம் என்று இறங்கும், 60 மைல் வேகத்தில் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். அது எடைக் குறைப்பு ஆகாது, ஆபத்தை முன்னாலிருந்து பின்னால் மாற்றியது மட்டும்தான்.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் மஞ்சள் ஸ்டிக்கரில் ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று எழுதியிருக்கும். நால்வர் 500, காருக்குள் பெட்டிகள் 150, ஹிட்ச் இரும்பு 40, அதற்கு மேல் டங் வெயிட் 400 என்று 1,090 ஆகிவிடும். நடுத்தர எஸ்யூவியில் இழுவைத் திறனுக்கு முன்பே தீர்ந்துபோவது இந்த எண்தான்.

ஆகவே என் பரிந்துரை: இந்தக் காரை வைத்துக்கொள்வதாக இருந்தால், சாமானோடு 2,700 பவுண்டைத் தாண்டாத டிரெய்லராகப் பாருங்கள். அதாவது டிரை வெயிட் 1,800 முதல் 2,000 வரை. மினசோட்டாவில் செய்யப்படும் ஸ்கேம்ப் போன்ற ஃபைபர்கிளாஸ் முட்டை டிரெய்லர்களில் 13 அடி, 16 அடி மாடல்களும், மடித்தால் முக்கோணக் கூரையாகும் ஏ-ஃபிரேம் வகைகளும் இந்த எடைக்குள் வரும். இடம் நெருக்கம்தான். ஆனால் பகலில் யாரும் உள்ளே உட்கார்ந்திருக்கப் போவதில்லை. அந்த 17 அடிதான் வேண்டும் என்றால் 5,000 பவுண்டு இழுக்கும் வண்டி வேண்டும். கயிற்றில் நடக்கிற மாதிரி 3,500க்கு 3,490 என்று போவது சமவெளியில்கூட சரியில்லை, மலையில் பேச்சே இல்லை. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 3 சதவீத சக்தியை இழக்கும், 11,000 அடியில் மூன்றில் ஒரு பங்கு இருக்காது. சில தயாரிப்பாளர்களின் கையேடுகள் கார், டிரெய்லர் சேர்ந்த மொத்த எடை வரம்பையே 1,000 அடிக்கு 2 சதவீதம் குறைத்துக்கொள்ளச் சொல்கின்றன.

எந்த டிரெய்லர் ஆனாலும், சாமான் ஏற்றி முடித்ததும் நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்பில் இருக்கும் கேட் ஸ்கேல் (CAT Scale) எடை மேடையில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு மூன்றும் தனித்தனியாக வரும். பிறகு டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டுக் காரை மட்டும் நிறுத்துங்கள். இரண்டு சீட்டிலும் காரின் எடைக்கு உள்ள வித்தியாசம்தான் உங்கள் டங் வெயிட்.

அடுத்தது பிரேக். டிரெய்லரில் மின்சார பிரேக் இருந்தால் மட்டும் போதாது, காரில் 7 பின் இணைப்பும், டிரெய்லர் பிரேக்கை இயக்கும் பிரேக் கன்ட்ரோலரும் இருக்க வேண்டும். நிறைய எஸ்யூவிகளில் விளக்குக்கான 4 பின் மட்டும் போட்டுக் கொடுத்திருப்பார்கள், அதில் பிரேக் ஒயரே கிடையாது. கன்ட்ரோலரை வைத்த பிறகு காலி வாகன நிறுத்தத்தில், சாமான் ஏற்றிய டிரெய்லரோடு, 20 முதல் 25 மைல் வேகத்தில் போய்க் கையால் இயக்கும் லீவரை முழுக்க அழுத்துங்கள். டிரெய்லர் சக்கரம் உருளாமல் இழுபட்டால் அளவு அதிகம். இழுபடுவதற்குச் சற்று முன்னால் நிற்கும் அளவுதான் சரி. கார் சட்டென்று முன்னால் தள்ளப்பட்டால் குறைவாக வைத்திருக்கிறீர்கள். டிரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கைத் தானே போட மூக்கிலிருந்து தொங்கும் பிரேக்அவே கம்பியைக் காரின் சட்டத்தில் மாட்டுங்கள், பாதுகாப்புச் சங்கிலியில் மாட்டாதீர்கள். சங்கிலிகள் இரண்டையும் பெருக்கல் குறி போலக் குறுக்காகப் போட வேண்டும். பந்திலிருந்து கழன்றால் மூக்கு தரையில் குத்தாமல் அந்தத் தொட்டிலில் விழும்.

டயரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஐந்தாறு வருடம் தாண்டிய டிரெய்லர் டயர் பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள், வீட்டு வாசலில் நின்றே கெட்டுப்போகும் சாமான் அது. வேகத்துக்குத் தனி மதிப்பீடு எழுதப்படாத எஸ்டி வகை (டிரெய்லருக்கென்றே செய்யப்படும்) டயர்களுக்கு வேக வரம்பு 65 மைல். டெக்ஸஸ் நெடுஞ்சாலையில் 75 என்று பலகை இருக்கலாம், அது உங்களுக்கானதல்ல. சக்கர நட்டுகளைக் கிளம்பிய 50 மைலில் ஒருமுறை டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கிப் பாருங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் சக்கர மையத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே சூடாக இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் பேரிங்கோ ஒட்டிக்கொண்ட பிரேக்கோ காரணம்.

டல்லாஸிலிருந்து போகிறவர்களுக்கு முதல் சோதனை மலையில் வராது, அமரில்லோ பக்கத்துக் காற்றில் வரும். பக்கவாட்டுக் காற்றிலோ, பெரிய லாரி கடக்கும்போதோ டிரெய்லர் ஆட ஆரம்பித்தால் கால் தானாகக் கார் பிரேக்குக்குப் போகும். போக விடாதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, கன்ட்ரோலரின் கை லீவரை மட்டும் அழுத்துங்கள். டிரெய்லர் பின்னாலிருந்து பிடித்து இழுக்க, ஆட்டம் அடங்கும். வேகத்தைக் கூட்டி நேராக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், கேட்க வேண்டாம்.

மூன்று நாள் பயணமாக வைத்துக்கொண்டால் உடம்புக்கும் நல்லது. டல்லாஸ் 500 அடி உயரம்கூட இல்லாத ஊர், அமரில்லோ சுமார் 3,600, டென்வர் 5,280. முதல் இரவு அமரில்லோ, இரண்டாவது டென்வர் பக்கம், மூன்றாவது பூங்கா என்று போனால் படிப்படியாக ஏறியது ஆகும். தலைவலி, குமட்டல் வந்தால் அன்று மேலே ஏறாதீர்கள். கூடிக்கொண்டே போனால் அந்த இரவே இரண்டாயிரம், மூவாயிரம் அடி கீழே இறங்குவதுதான் மருந்து.

லவ்லாண்டிலிருந்து யுஎஸ் 34, லயன்ஸிலிருந்து யுஎஸ் 36, இரண்டுமே பூங்கா வாசலில் உள்ள எஸ்டஸ் பார்க் ஊருக்கு டிரெய்லரோடு வரத் தகுந்த சாலைகள். உண்மையான ஏற்றம் லெட்வில் போகும் அன்று வரும். ஐ-70இல் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை 11,000 அடிக்கு மேல். அதைத் தாண்டிக் காப்பர் மவுன்டனில் திரும்பி 91ஆம் எண் சாலையில் போனால் ஃபிரீமான்ட் கணவாய் 11,318 அடி. ஏறும்போது காரில் இழுவைக்கான டோ மோடு இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் மேல் கியரான ஓவர்டிரைவை அணைத்துக் கீழ் கியரில் விடுங்கள். எஞ்சின் 4,000 சுற்றில் கத்தினால் பயப்பட வேண்டாம், மேல் கியரில் திணறும்போதுதான் கியர்பாக்ஸ் சூடாகும். 40, 45 மைலில் வலது லேனில் போங்கள், 40க்குக் கீழே போனால் எச்சரிக்கை விளக்கைப் போடுங்கள். வெப்பமானி ஏறினால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுக்கத் திறந்து விடுங்கள். பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், எஞ்சின் தப்பிக்கும்.

சுரங்கத்தைத் தாண்டியதும் சில்வர்தார்ன் வரை 7 சதவீத இறக்கம். இங்கேதான் புதியவர்கள் தவறுகிறார்கள். காரும் டிரெய்லரும் சேர்ந்து 6,000 பவுண்டுக்கு மேலான சுமையைப் பிரேக்கால் மட்டும் பிடித்துக்கொண்டே இறங்கினால் டிஸ்க்கும் பேடும் சூடேறி, திரவம் கொதித்து, மிதி மெத்தென்று உள்ளே போய்விடும். வழி ஒன்றுதான்: இறக்கம் ஆரம்பிப்பதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துக் கீழ் கியரில் போட வேண்டும். வேகம் கூடிய பிறகு கியர் இறக்கப் பார்த்தால் சில கியர்பாக்ஸ்கள் மறுத்துவிடும். மூன்றாவது கியரில் 45க்கு மேல் தானாக ஏறினால் இரண்டாவதற்கு வாருங்கள். அப்படியும் ஏறும்போது மூன்று, நான்கு விநாடி அழுத்தமாகப் பிரேக் பிடித்து 38, 40க்குக் கொண்டுவந்து, முழுக்க விட்டுவிடுங்கள். மறுபடி 45 வரும்வரை பிரேக் ஆறிக்கொண்டிருக்கும். காலை லேசாக வைத்துக்கொண்டே இறங்குவதுதான் பிரேக்கைக் கொல்லும்.

ஹைபிரிட் வண்டிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. நீண்ட இறக்கத்தில் பேட்டரி பாதியிலேயே நிரம்பிவிடும், அதன் பிறகு மின்சாரம் சேமிக்கும் பிரேக் வேலை செய்யாது. எஞ்சினையும் சாதாரண பிரேக்கையும் நம்ப வேண்டியதுதான். கியர் லீவரில் B அல்லது L நிலை இருந்தால் உச்சியிலேயே அதற்கு மாற்றிவிடுங்கள். கியர் படிகள் இல்லாத சிவிடி வண்டிக்கும் இதே விதி. கருகல் வாடை வந்தால் ஓரம் கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். மிதி போய்விட்டால், வலப்பக்கம் மேலேறும் சரளை மண் பாதைகள் இருக்கும். லாரிக்காகப் போட்டவைதான், உங்களுக்கும் திறந்தவைதான். வண்டி கெடும், ஆள் தப்புவார்.

திரும்பி வரும்போது இதைவிட ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. டென்வருக்கு முன்னால் ஜெனசி அருகே மலை முடிந்து சமவெளி கண்ணுக்குத் தெரியும், எல்லோரும் காலைத் தளர்த்துவார்கள். அங்கே "லாரிக்காரர்களே, ஏமாறாதீர்கள், இன்னும் நான்கு மைல் செங்குத்து இறக்கம்" என்ற பொருளில் பெரிய பலகைகளே வைத்திருக்கிறார்கள். அவற்றை உங்களுக்கு எழுதியதாகவே படியுங்கள்.

போகக்கூடாத சாலைகளையும் சொல்லிவிடுகிறேன். லெட்வில் பக்கம் வந்த பிறகு ஆஸ்பென் போக மேப் செயலி இண்டிபென்டென்ஸ் கணவாயைக் காட்டும். 12,095 அடி. அதில் 35 அடிக்கு மேற்பட்ட வாகனங்களுக்கு அனுமதி இல்லை, டிரெய்லரோடு சேர்ந்த நீளத்தைத்தான் கணக்கிடுவார்கள். 16 அடி எஸ்யூவியும், மூக்கையும் சேர்த்து 20 அடி டிரெய்லரும் 36 ஆகிவிடும். சிறிய டிரெய்லராக இருந்தாலும் முகாமிலேயே விட்டுவிட்டுக் காரில் போய் வாருங்கள். பூங்காவுக்குள் ஓல்ட் ஃபால் ரிவர் சாலையில் டிரெய்லருக்குத் தடை. 12,183 அடி வரை ஏறும் டிரெயில் ரிட்ஜ் சாலையில் தடை இல்லை. ஆனால் பார்வையிடங்களில் நிறுத்த இடம் கிடைக்காமல் ஒன்றையும் பார்க்காமல் இறங்குவீர்கள்.

முகாம் இடத்தை முன்பதிவு செய்யும்போது டிரைவ்வேயின் நீளத்தைப் பாருங்கள். பூங்காவின் இடங்கள் ஆறு மாதம் முன்னால் திறக்கும், கோடை நாட்கள் உடனே போய்விடும். லாங்ஸ் பீக் முகாம் கூடாரங்களுக்கு மட்டும். இடத்துக்கு வந்ததும் வேலைகளுக்கு ஒரு வரிசை உண்டு. இடது வலது மட்டத்தை, டிரெய்லர் காரோடு இருக்கும்போதே பலகைமேல் ஏற்றிச் சரிசெய்யுங்கள். சக்கரங்களுக்கு இருபக்கமும் கட்டை கொடுங்கள். அதன் பிறகே கழற்ற வேண்டும். முன் பின் மட்டம் மூக்கு ஜாக்கில். கடைசியில் நான்கு மூலை ஜாக்குகள், அவை ஆட்டத்தை நிறுத்த மட்டுமே. அவற்றால் டிரெய்லரைத் தூக்கப் பார்த்தால் சட்டம் முறுக்கிக்கொண்டு கதவு மூடாமல் போகும்.

இனி இரவு. ஆகஸ்ட் கடைசியில் 8,000, 9,000 அடியில் இரவு 35 முதல் 45 டிகிரி ஃபாரன்ஹீட் சாதாரணம். லெட்வில் ஊரே 10,000 அடிக்கு மேல், அங்கே உறைநிலைக்குப் போனால் ஆச்சரியப்படாதீர்கள். இரண்டு இடத்திலும் மின் இணைப்பை நம்பிப் போக வேண்டாம். காஸ் போதும்: 20 பவுண்டு சிலிண்டரில் சுமார் 4,30,000 பிடியு (வெப்ப அலகு) இருக்கிறது. 16,000 பிடியு ஃபர்னஸ் பத்து மணி நேர இரவில் பாதி நேரம் எரிந்தால் 80,000 செலவு, ஐந்து இரவு தாங்கும். மாட்டிக்கொள்வது பேட்டரியில்தான். ஃபர்னஸின் விசிறி மூன்றரை ஆம்பியர் இழுக்கும், ஐந்து மணி நேரத்துக்கு 17 ஆம்பியர்-மணி. விளக்கு, பம்ப், காஸ் டிடெக்டர், போன் எல்லாம் சேர்த்து நாளுக்கு 30. டீலர் இலவசமாகத் தரும் ஈய அமில பேட்டரி 80 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தாலும் பாதிக்குமேல் வடித்தால் ஆயுள் போகும். ஆக 40தான் உங்களுடையது. இரண்டாவது இரவு விடிவதற்குள் விசிறி நின்றுவிடும்.

இன்னொரு பொறி. புதிய டிரெய்லர்கள் பலவற்றில் இப்போது 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் வருகிறது. அதுவே நாளுக்கு 40 ஆம்பியர்-மணி அளவில் தின்னும். அப்போது நாளுக்கு 70 ஆகிறது. 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியும் 200 வாட் சோலார் பலகையும் இருந்தால் இது சமாளிக்கக்கூடிய கணக்கு. 100 வாட் பலகை நல்ல வெயிலில் நாளுக்கு 25, 30 ஆம்பியர்-மணி தரும். பைன் மர நிழலிலும் மதிய மேகத்திலும் பாதியாகிவிடும். கூரையில் ஒட்டியதைவிட, ஒயரை நீட்டி வெயிலில் வைக்கும் மடக்குப் பலகை மலைக்கு உகந்தது. லித்தியத்துக்கு ஒரு குணம்: 32 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக்கூடாது, நல்ல பேட்டரியாக இருந்தால் தானே தடுத்துவிடும். மூக்கில் வெளியே வைத்திருந்தால் காலை வெயில் பலகையில் அடித்தும் சார்ஜ் ஏறாமல் நிற்கும். கட்டிலுக்கடியில் உள்ளே வைப்பது நல்லது, முடியாவிட்டால் ஹீட்டர் பொருத்திய வகையாக வாங்குங்கள். ஜெனரேட்டர் கொண்டுபோனால் 2,000 வாட்டும் அந்த உயரத்தில் 1,400க்குத்தான் பெறும். பூங்கா முகாம்களில் காலையும் மாலையும் குறித்த நேரத்தில் மட்டுமே அதை ஓட்ட விடுவார்கள்.

பழைய டிரெய்லரில் காஸில் ஓடும் ஃபிரிட்ஜ் இருந்தால் 5,500 அடிக்கு மேல் சுடர் அணைந்து அணைந்து போகும். காற்று மெலிந்ததுதான் காரணம், பழுது அல்ல. பர்னரைக் கிளம்புமுன் துடைத்துச் சுத்தம் செய்து வைத்தால் ஓரளவு நிற்கும். கையில் ஒரு ஐஸ் பெட்டியும் இருக்கட்டும். அதே மெலிந்த காற்றில் அடுப்புச் சுடர் மஞ்சளாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வருகிறது என்று அர்த்தம். குளிருக்காக அடுப்பைப் பற்றவைத்துத் தூங்கவே கூடாது. சமைக்கும்போது ஒரு ஜன்னலும் கூரைத் துவாரமும் ஓர் அங்குலம் திறந்திருக்க வேண்டும். தூங்கும்போதும் துவாரம் அப்படியே இருக்கட்டும், நால்வர் மூச்சுக்காற்றின் ஈரம் விடிகாலையில் மெத்தைக்கடியில் சொட்டும். டிடெக்டருக்கும் காலாவதி தேதி உண்டு, ஐந்து முதல் ஏழு வருடம். பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும்.

தண்ணீரில், உறையும் முதல் இடம் வெளியே நீட்டியிருக்கும் வடிகால் வால்வு. குழாயை இரவில் கழற்றி வடித்து வையுங்கள். உறைநிலை என்று முன்னறிவிப்பு வந்தால் கழிவுநீர் டேங்கில் இரண்டு கப் இளஞ்சிவப்பு ஆர்வி ஆன்டிஃபிரீஸ் ஊற்றுங்கள். காரில் ஊற்றும் பச்சை திரவம் விஷம், அதைத் தொடாதீர்கள். 20 கேலன் நால்வருக்கு மூன்று நாள் வரும், குளியலை முகாமுக்கு வெளியே வைத்துக்கொண்டால். பாத்திரம் கழுவிய தண்ணீரையும் மண்ணில் விடக்கூடாது, கழிவுநீரைக் கொட்டும் டம்ப் ஸ்டேஷன்வரை டேங்கில்தான் இருக்க வேண்டும்.

சமையலில் நம் வீட்டுப் பிரஷர் குக்கருக்கு இணை இல்லை. 9,000 அடியில் தண்ணீர் 91 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு ஒரு மணி நேரமானாலும் நறுக்கென்றே இருக்கும், அரிசி நடுவில் வேகாமல் நிற்கும். குக்கர் வெளிக்காற்றுக்கு மேல் 15 பிஎஸ்ஐ அழுத்தம் கட்டும், அப்போது உள்ளே 115 டிகிரியாவது வரும். வீட்டில் 121 வரை போவதால் இங்கே இரண்டு விசில் கூடுதலாக விடுங்கள், அவ்வளவுதான். மூன்று லிட்டர் குக்கர் போதும். அடுப்பைச் சுற்றிக் காற்று மறைப்பு வையுங்கள். மாவு கொண்டுபோய் அங்கே புளிக்கவைக்க நினைக்காதீர்கள், குளிரில் பொங்காது. சிப்ஸ் பாக்கெட், தயிர் டப்பா, ஊறுகாய் பாட்டில் எல்லாம் உப்பிக்கொண்டு வரும். மூடியைச் சிங்க்குக்கு மேல் பிடித்து மெதுவாகத் திறவுங்கள்.

சமைத்து முடித்ததும் வெளியே ஒன்றும் இருக்கக்கூடாது, எண்ணெய் பட்ட அடுப்புகூட. அது கரடிகள் குளிர்காலத்துக்குக் கொழுப்புச் சேர்க்கும் பருவம், நாளுக்கு 20,000 கலோரி வரை தேடித் தின்னும். கொலராடோவின் கருங்கரடிக்குக் கார்க் கதவின் கைப்பிடியை இழுத்துத் திறக்கத் தெரியும். ஆகவே டிரெய்லரையும் காரையும் மூடினால் போதாது, பூட்ட வேண்டும், உணவு கண்ணில் படாமல் இருக்க வேண்டும். பற்பசையும் சோப்பும் அதன் கணக்கில் உணவுதான். எல்க் மான்களிடமிருந்து 75 அடி, மூஸ், கரடியிடமிருந்து 120 அடி தள்ளி நிற்கச் சொல்கிறது பூங்கா. மூஸ் சாதுவாகத் தெரியும், குட்டியோடு இருந்தால் துரத்தும்.

தீத் தடை அறிவிப்பை அன்றன்று பாருங்கள். இரண்டாம் கட்டத் தடையில் விறகு நெருப்புக்கு இடமே இல்லை, அணைக்க வால்வு உள்ள காஸ் அடுப்பு பெரும்பாலும் அனுமதிக்கப்படும். மதியத்துக்கு மேல் இடி மின்னல் வரும் பருவம், மரமில்லாத உயரங்களிலிருந்து பன்னிரண்டு மணிக்குள் இறங்கிவிடுங்கள். வெளியே போகும்போது டிரெய்லரின் பக்கவாட்டில் விரிக்கும் நிழல் துணியை (ஆனிங்) சுருட்டிவிட்டுப் போங்கள். ஒரு காற்றில் கூரையோடு பிய்ந்துவிடும்.

லெட்விலிலிருந்து கிளம்பும் நாளை ஞாயிறாக வைக்காதீர்கள். ஞாயிறு மதியம் ஐ-70இன் கிழக்குப் பாதை மைல் கணக்கில் ஊர்ந்து போகும், இறக்கத்தில் நின்று நின்று போவதுதான் பிரேக்குக்கு மிகக் கெட்ட நிலைமை. திங்கள் காலை எட்டு மணிக்குள் கிளம்பி, ஜார்ஜ்டவுனில் ஒருமுறை நிறுத்திச் சக்கர மையங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஜெனசியைக் கீழ் கியரில் இறங்குங்கள்.